தானிய எலிவேட்டர்: குடோனுக்கு எதற்கு எட்டு மாடி உயரம்?

செப்டம்பர் 7, இரவு 10.15
(வாசகர் ஒருவரின் கேள்வி)

போன வாரம் கனடாவில் வின்னிபெக்கிலிருந்து ரெஜைனாவுக்குக் காரில் போனோம். மூசோமின் தாண்டி ஒரு சின்ன ஊர். தண்டவாளத்தை ஒட்டி மரத்தாலான ஒரு கட்டடம், எட்டு மாடி இருக்கும், ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை, பெயின்ட் உரிந்து, மேலே புறாக் கூட்டம். பழைய கோதுமைக் குடோன் என்றார்கள். குடோன் என்றால் அகலமாகத்தானே கட்டுவார்கள்? நாலு பக்கமும் பொட்டல், நிலத்துக்கா பஞ்சம்? இதற்குப் பேர் எலிவேட்டராம். லிஃப்டா? பாழாகக் கிடப்பதை இடிக்காமல் ஏன் வைத்திருக்கிறார்கள் என்றும் புரியவில்லை.

செப்டம்பர் 7, இரவு 11.40

குடோன் இல்லை. அப்படி நினைத்தால் அந்த உயரம் புரியவே புரியாது. அது ரயில் பெட்டியில் தானியம் ஏற்றுகிற இயந்திரம். இயந்திரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி மரக் கட்டடம், அவ்வளவுதான்.

நான் மனிடோபாவில் பிராண்டன் பக்கம் இருக்கிறேன், அறுவடைக் காலத்தில் தானிய லாரி ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் தெரியும். விவசாயி குதிரை வண்டியில், பிறகு லாரியில், கோதுமையைச் சாக்கில் கட்டாமல் அப்படியே கொட்டிக்கொண்டு வருவார். பக்கவாட்டில் ஒரு கொட்டகை, அதன் தரையே தராசு. எடை போட்டதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குவார்கள், தானியம் பின்பக்கம் சரிந்து தரைக்கடியில் இருக்கும் குழியில் விழும். அந்தக் குழியிலிருந்து உச்சி வரை ஒரு முடிவில்லாத பெல்ட் ஓடும், அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் தகர வாளிகள். இதைத்தான் ‘லெக்’ என்பார்கள். கிணற்றில் கமலை இறைப்பது மாதிரி, ஆனால் நூற்றுக்கணக்கான வாளி. உச்சியில் போய்க் கவிழ்ந்ததும் ஒரு சுழலும் குழாய் வழியாக எந்த அறைக்கு வேண்டுமோ அந்த அறைக்குள் தானியம் விழும். உள்ளே பதினைந்து இருபது அறைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ரகம், வேறு தரம். ரயில் பெட்டி வந்ததும் இன்னொரு குழாயைப் பெட்டிக்குள் நீட்டினால் தானாகவே ஓடும்.

அதாவது ஒரே ஒரு தடவை மேலே தூக்கிவிட்டால் போதும், மிச்ச வேலை எல்லாம் தானியத்தின் சொந்த எடை பார்த்துக்கொள்ளும். அதற்குத்தான் உயரம். எலிவேட்டர் என்ற பேரும் அந்த வாளி பெல்ட்டால் வந்தது.

செப்டம்பர் 8, காலை 6.20

தூக்கம் வராமல் இன்னொன்று. கொட்டகைக்கு அந்தப்புறம் தள்ளி ஒரு சின்ன ஆபீஸ் வீடு இருந்திருக்கும், பார்த்தீர்களா? எலிவேட்டரை நடத்துகிற ஏஜென்ட் கணக்கு எழுதுகிற அறை அது. அதற்குக் கீழேதான் எஞ்சின் இருந்தது, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நேற்று எழுதும்போது எஞ்சின் எங்கே என்று சொல்லாமல் விட்டுவிட்டேன், பெரிய கட்டடத்துக்குள் என்று நினைத்துவிடுவீர்கள். உள்ளே வைத்தால் போச்சு. தானியத் தூசு காற்றில் கலந்து நிற்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால் எஞ்சினைத் தள்ளி வைத்து, அங்கிருந்து தண்டு வழியாகவோ கயிறு வழியாகவோ சக்தியைக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் வந்த பிறகுதான் மோட்டாரை மேலேயே வைத்தார்கள்.

ஏஜென்ட் எஞ்சின் சூட்டிலேயே குளிர்காலத்தில் காபி போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஊரே அங்கேதான் உட்கார்ந்து அரட்டை அடிக்கும், நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரி.

செப்டம்பர் 11, இரவு 9.30

“ஏன் மரம்? அப்போதே கான்கிரீட் இருந்ததே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மரம் மலிவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை.

பலகையை நிமிர்த்தி வைத்துச் சுவர் அடிக்கவில்லை. படுக்கப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தார்கள். தீப்பெட்டிக் குச்சியைப் படுக்க வைத்து அடுக்கிக் கோட்டை கட்டுவோமே, அப்படி. கீழே எட்டு அங்குலம் அல்லது ஆறு அங்குலப் பலகை, மேலே போகப் போக நாலு அங்குலம். அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்களும் அதே மாதிரி, மூலையில் ஒன்றோடொன்று பின்னி வரும். ஆணி எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் போட முயன்று பாதியில் விட்டேன்.

ஏன் இப்படி? தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியம் அப்படி இல்லை. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடும் சுவரோடும் உராய்ந்து நிற்கிறது, பாதி எடையைச் சுவரின் தலையில் ஏற்றிவிடுகிறது. ஒரு ஆழத்துக்கு மேல் அடியில் அழுத்தம் ஏறுவதே இல்லை. யான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் 1895-லேயே சோதித்து இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார், இன்றும் சைலோ என்கிற தானியக் கோபுரம் கட்டுகிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆக, சுவர் இரண்டு வேலை பார்க்க வேண்டும்: வெளியே தள்ளுவதைத் தடுக்க வேண்டும், கீழே அழுத்துகிற எடையையும் தாங்க வேண்டும். படுக்கப் போட்ட பலகை இரண்டுக்கும் சரி. நிரம்பும்போது கொஞ்சம் அமுங்கும், காலியானால் கொஞ்சம் விடும். விரிசல் விடாது, முனகும்.

கணக்குக்காக: பழைய எலிவேட்டர் ஒன்று 25,000 புஷெல் பிடிக்கும். கோதுமை ஒரு புஷெல் 27.2 கிலோ. மொத்தம் 680 டன். முப்பதடிக்கு முப்பதடி நிலத்தில், வெறும் பலகையும் ஆணியும் வைத்து.

செப்டம்பர் 11, இரவு 10.05

மேலே உள்ளதைப் படித்த என் மனைவி சொல்கிறாள், “இவ்வளவு சொல்லிவிட்டு லிஃப்ட் இருந்ததா என்பதற்குப் பதில் சொல்லவில்லை.” இருந்தது! ஒரு ஆள் நிற்கிற அளவு பலகைத் தட்டு, எதிர் எடை, கையால் இழுக்கும் கயிறு. ஏஜென்ட் அதில் ஏறி உச்சிக்குப் போய் பேரிங்குக்கு எண்ணெய் விடுவார். எதிர் எடை அவர் எடைக்குத் தகுந்த மாதிரி சரிசெய்திருக்கும், அதனால் ஒல்லியான ஆள் ஏறினால் விர்ரென்று மேலே போய்விடும். நான் ஏறினால் கீழேயே இருக்கும்.

செப்டம்பர் 15

“எல்லாமே சதுரம்தானா” என்று கேட்டவருக்கு, ஆமாம் என்று தனிச்செய்தியில் பதில் போட்டிருந்தேன். தப்பு. மேற்குக் கனடாவில் முதல் எலிவேட்டரே வட்டம். 1879-ல் மனிடோபாவில் நிவர்வில் என்ற ஊரில் கட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து 1881-ல் கிரெட்னாவில் ஓகில்வி மாவு மில் கம்பெனி சதுரமாக ஒன்று கட்டியது, அதைப் பார்த்துத்தான் மற்றவை. அமெரிக்காவில் இன்னும் பழசு: பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி நீராவியால் ஓடும் வாளி பெல்ட்டை 1840-களின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்.

செப்டம்பர் 21, இரவு

மழை, லாரி ஓடவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு மைலுக்கு ஒரு எலிவேட்டர் ஏன்? குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அதுதான் கணக்கு. ரயில் கம்பெனியும் அந்த இடைவெளியில்தான் பக்கவாட்டுத் தண்டவாளம் போட்டது, எலிவேட்டர் வந்தது, அதைச் சுற்றி ஒரு கடை, ஒரு சர்ச், ஒரு ஊர். 1930-களில் மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பெர்ட்டா என்ற மூன்று பிரெய்ரி (சமவெளி) மாகாணங்களிலும் சேர்த்து 5,700-க்கு மேல் நின்றன.

ஆனால் தொடக்கத்தில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. கனடியன் பசிபிக் ரயில்வேக்கு விவசாயி தனித்தனியாக வந்து மண்வெட்டியால் அள்ளிப் பெட்டி நிரப்புவது பிடிக்கவில்லை, பெட்டி நின்றுகொண்டே இருக்கிறது. அதனால் 25,000 புஷெல் பிடிக்கிற, இயந்திரத்தால் ஓடுகிற எலிவேட்டர் யார் கட்டினாலும் தண்டவாளம் ஓரமாக இடம் தருகிறோம், அப்படி ஒன்று வந்துவிட்ட ஊரில் வேறு யாரும் நேராகப் பெட்டியில் ஏற்ற முடியாது என்று வைத்தது. விளைவு என்னவென்று சொல்ல வேண்டுமா? ஊரில் ஒரே தராசு. அது வாங்குகிறவன் தராசு. அவன் சொன்னதுதான் எடை, அவன் சொன்னதுதான் தரம், களை விதைக்கும் தூசுக்கும் அவன் கழிப்பதுதான் கழிவு.

இங்கே நிறுத்தி என் கதை ஒன்று. நான் மன்னார்குடிப் பக்கம். சின்ன வயதில் அப்பாவோடு நெல் கொண்டுபோய்ப் போட்ட ஒரு கொள்முதல் நிலையத்தில் இரண்டு நாள் மூட்டையோடு கிடந்தோம். ஈரப்பதம் பதினேழுக்கு மேல் இருக்கிறதாம். அப்பா அள்ளிப் பல்லில் வைத்துக் கடித்தார், ‘டக்’ என்று உடைந்தது, காய்ந்த நெல். மீட்டர் பதினெட்டு காட்டியது. மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்ததும் மீட்டர் பதினாறு காட்டியது. இங்கே வந்து முதல் வருஷம் லாரியில் கோதுமை கொண்டுபோனபோது மீட்டர் 14.8 காட்ட, 14.5 தான் எல்லை, கோதுமைக்குச் சொந்தக்காரர் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார் பாருங்கள், எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 1899-ல் ஒரு ராயல் கமிஷன், 1900-ல் மனிடோபா தானியச் சட்டம். எலிவேட்டருக்குப் போகாமல் நேராகப் பெட்டியில் ஏற்றுகிற உரிமை சட்டத்தில் வந்தது. வந்தும் 1901-ல் அமோக விளைச்சல், பெட்டி கிடைக்கவில்லை, கிடைத்த பெட்டி முதலில் எலிவேட்டர்காரர்களுக்கே போயிற்று. சஸ்காட்செவனில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் கூடி மதர்வெல் என்ற விவசாயி தலைமையில் சங்கம் அமைத்தார்கள். அடுத்த வருஷம் பக்கத்து ஊர் சின்டலூட்டாவின் ரயில்வே ஏஜென்டைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தார்கள், பெட்டி வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும் என்று. சாதாரண விவசாயிகள், ரயில்வேயை எதிர்த்து. அந்த உரிமை இன்றும் இருக்கிறது, தனக்கென்று ஒரு பெட்டி கேட்டு வாங்கித் தானே ஏற்றி அனுப்புகிறவர்கள் இப்போதும் உண்டு.

1923, 24-ல் மூன்று மாகாணத்திலும் ‘பூல்’ என்ற கூட்டுறவு வந்தது, விவசாயிகளே எலிவேட்டர் கட்டினார்கள், வாங்கினார்கள். நீங்கள் பார்த்ததிலும் உரிந்த பெயின்ட்டுக்கு அடியில் ‘பூல்’ என்று எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள்.

செப்டம்பர் 22

மேலே எழுதியதில் ரயில்வேயை மட்டும் வில்லனாக்கிவிட்டேனோ என்று காலையில் தோன்றியது. அந்த ரயில் இல்லாவிட்டால் கோதுமையை எங்கே கொண்டுபோவார்கள்? மாட்டு வண்டியிலா? எலிவேட்டர் கட்டச் சொன்னதிலும் நியாயம் உண்டு. மண்வெட்டியால் ஒரு பெட்டி நிரப்ப ஒருவர் படுகிற பாட்டை நினைத்தால் நானே எலிவேட்டர் கட்டச் சொல்வேன். தப்பு எல்லாம் அந்த ஒரே தராசில்.

செப்டம்பர் 23

நிறம் பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. ஆரம்பத்தில் எல்லாம் செங்காவி நிறம், ரயில் பெட்டிக்கு அடிக்கிற அதே பெயின்ட். பிறகு கம்பெனிக்கு ஒரு நிறம் வந்தது. பயனீர் என்றால் ஆரஞ்சும் மஞ்சளும். ஆல்பெர்ட்டா பூல் பச்சை கலந்த நீலம். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் மேலே எழுதிவிடுவார்கள். மைல் கணக்கில் சமவெளி, எல்லா ஊரும் ஒரே மாதிரி, தூரத்தில் பெயரைப் படித்துத்தான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியும். நம்ம பக்கம் கோபுரத்தைப் பார்த்து ஊரைச் சொல்வோமே.

அக்டோபர் 2

“கான்கிரீட்தான் உறுதி, மரம் எரியும், சாயும்” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எரியும் என்பதில் சண்டை இல்லை, அதற்கு வருகிறேன். சாய்வது பற்றி மட்டும்: வின்னிபெக் பக்கத்தில் டிரான்ஸ்கோனாவில் பத்து லட்சம் புஷெல் பிடிக்கிற கான்கிரீட் எலிவேட்டர் கட்டினார்கள். 1913 அக்டோபரில் முதன்முதலாக நிரப்பிக்கொண்டிருந்தபோது அடியில் இருந்த களிமண் பிதுங்கி, ஒரு நாளைக்குள் கட்டடம் முழுசாக 27 டிகிரி சாய்ந்துவிட்டது. உடையவில்லை! ஒரே துண்டாக, படகு சாய்ந்த மாதிரி. தானியத்தை வெளியே எடுத்து, அடியில் தோண்டி, ஜாக்கி வைத்து நிமிர்த்திவிட்டார்கள். சிவில் படித்தவர்கள் மண் இயக்கவியல் பாடத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

தூசு வெடிப்பும் மரத்தின் குற்றம் இல்லை. 1977 டிசம்பரில் அமெரிக்காவில் லூசியானா மாநிலம் வெஸ்ட்வேகோவில் வெடித்தது கான்கிரீட் எலிவேட்டர்தான், 36 பேர் செத்தார்கள்.

அக்டோபர் 4

எரிவது பற்றி.

ஃபிளெமிங் என்று ஒரு சின்ன ஊர், மனிடோபா எல்லை தாண்டியதும் சஸ்காட்செவனில், நீங்கள் போன அதே நெடுஞ்சாலையில். அங்கே 1895-ல் ‘லேக் ஆஃப் தி வுட்ஸ்’ மாவு மில் கம்பெனி கட்டிய எலிவேட்டர் நின்றது. கட்டிய இடத்திலேயே நின்ற எலிவேட்டர்களில் கனடாவிலேயே மூத்தது. ஊர்க்காரர்கள் பணம் சேர்த்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று எரிந்து போயிற்று. தானாகப் பிடித்த தீ இல்லை, வைத்த தீ.

நான் இங்கே வந்தது 2014-ல். நாலு வருஷத்தில் பார்க்கத் தவறிவிட்டேன். 115 வருஷம் நீராவி எஞ்சின் பொறிக்கெல்லாம் தப்பி நின்றதை ஒரு ராத்திரியில் யாரோ. அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை, பார்க்க ஒன்றும் இல்லை.

அக்டோபர் 12, மதியம், லாரி வரிசையில் நின்றபடி

முன்னால் ஆறு லாரி, அதனால் எழுதுகிறேன். இப்போது நான் நிற்பது புது மாதிரி எலிவேட்டர், டெர்மினல் என்பார்கள், வானம் தொடுகிற கான்கிரீட். என் லாரியில் நாற்பத்துமூன்று டன். இறக்க பத்து நிமிஷம். 680 டன் பிடிக்கிற பழைய மர எலிவேட்டர் எனக்குப் பதினாறு நடை. இங்கே நிற்கிற ரயிலோ நூறு பெட்டி, பெட்டிக்குத் தொண்ணூறு டன், ஒரு ரயிலை நிரப்ப அப்படிப்பட்ட பதிமூன்று எலிவேட்டரைச் சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும். மர எலிவேட்டர் ஏன் போயிற்று என்பதற்கு வேறு கதை தேவையே இல்லை.

ஆனால் இருக்கிறது. 1897 ஒப்பந்தம் ஒன்றால் கோதுமைக்கு ரயில் கட்டணம் மிகக் குறைவாகக் கட்டுப்பட்டிருந்தது. க்ரோ கட்டணம் என்பார்கள். வருஷக்கணக்கில் ரயில்வேக்கு நஷ்டம், பிறகு அரசு மானியம். 1995-ல் அந்தச் சலுகை போயிற்று. கிளைப் பாதைகளைத் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். ரயில் வராத எலிவேட்டர் என்ன எலிவேட்டர்? அடுத்த பத்து வருஷத்தில் ஊர் ஊராக இடித்தார்கள். விவசாயி இப்போது ஏழு மைலுக்குப் பதில் ஐம்பது அறுபது மைல் லாரி ஓட்டுகிறார், அந்த லாரி பாரத்தில் கிராமத்துச் சாலை நாசமாகிறது. எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரிசை நகர்கிறது.

அக்டோபர் 13

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் “உதுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்” என்று கேட்டிருக்கிறார். அண்ணை, நீங்கள் வைக்கிற மைசூர்ப் பருப்புக் கறியில் பருப்பு எங்கேயிருந்து வந்தது என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உலகத்தில் அதிகமாக இந்தப் பருப்பை ஏற்றுமதி செய்வது கனடா, அதில் பெரும்பங்கு சஸ்காட்செவன். 1970-களுக்கு முன் இங்கே அது பயிரே இல்லை. சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் 1978-ல் ‘லேர்ட்’ ரகத்தை வெளியிட்ட பிறகுதான் பிடித்துக்கொண்டது. மர எலிவேட்டருக்கு அது ஒத்துவராத சரக்கு. எண்பதடி உயரத்திலிருந்து அறைக்குள் விழுந்தால் பருப்பு பிளந்துவிடும். நம்ம வீட்டில் பிளந்துதானே சமைக்கிறோம், பரவாயில்லை என்கிறீர்களா? வாங்குகிறவர் முழுசாகத்தான் கேட்கிறார்.

அக்டோபர் 19

இடிப்பதை ஒரு தடவை நேரில் பார்த்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். குண்டு வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அப்படி எதுவும் இல்லை. மண் அள்ளும் இயந்திரம் ஒன்று அடிப்பக்கத்தில் ஒரு மூலையைக் கடித்துக் கடித்து எடுத்தது, மரம் வெட்டுகிறவர் சாயும் பக்கம் வெட்டு வைப்பதைப் போல. முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு முனகல். மேற்கூரை மெதுவாக ஒரு பக்கம் பார்த்தது, அப்புறம் மொத்தமும் படுத்துவிட்டது. சத்தத்தை விடத் தூசுதான். நூறு வருஷத்துத் தானியத் தூசு, பழுப்பு மேகம் மாதிரி எங்கள் மேலே வந்தது, வாயெல்லாம் பழைய கோதுமை மாவின் ருசி. தூசு அடங்கியதும் புறாக்கள் சுற்றிச் சுற்றி வந்தன, உட்கார இடம் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அங்கே ஏஜென்டாக இருந்தவராம். அழுவார் என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் சொன்னது: “இருபத்தாறு வருஷம் இருமினேன், ஒழியட்டும்.”

அக்டோபர் 19, இரவு

அதை எழுதிவிட்டு யோசிக்கிறேன். காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொல்வது வெளியூர்க்காரன் ஆசை. நானும் அந்தக் கட்சிதான். ஜூலையில் இங்க்லிஸ் போய் வந்தேன், மனிடோபாவின் மேற்கு ஓரத்தில், ரஸ்ஸல் பக்கம். ஐந்து மர எலிவேட்டர் ஒரே வரிசையில், 1922-லிருந்து 1941-க்குள் கட்டியவை, தேசிய வரலாற்றுச் சின்னம். ஆல்பெர்ட்டாவில் நேன்டனிலும் ஊரார் கூடி மூன்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இங்க்லிஸில் தண்டவாளம் இல்லை, புல். உள்ளே நுழைந்ததும் பழைய நெல் பத்தாயத்தைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வந்தேன். பெயின்ட் புதுசு, எல்லாம் துப்புரவு. ஏதோ குறைந்தது. இரைச்சல்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது.

நவம்பர் 3

கேள்வி கேட்டவர் வழியை அனுப்பியிருந்தார். நேற்று லோடு இல்லாமல் திரும்பும்போது போய்ப் பார்த்தேன்.

முதலில் ஒரு திருத்தம், உங்களுக்கும் எனக்கும். பாழாகக் கிடக்கவில்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு பழைய மூன்று டன் லாரி, ஒரு ஆள். அவருடைய அப்பா கம்பெனியிடமிருந்து வாங்கினாராம். கம்பெனிக்கு இடிக்கிற செலவு மிச்சம், இவருக்குப் பதினெட்டு அறை கிடைத்தது. விதை ஓட்ஸும் மாட்டுத் தீவனமும் வைத்திருக்கிறார். ‘லெக்’ ஓடுகிறதா என்று கேட்டேன். சுவிட்சைக் காட்டி நீயே போடு என்றார்.

போட்டேன். தரையிலிருந்து பாதம் வழியாக நடுக்கம் ஏறியது. பெல்ட் ஒரு சுற்று வரும்போது எங்கோ ஒரு வாளி நெளிந்திருக்கிறது போல, ‘டொக்’ என்று ஒரு சத்தம், பத்து விநாடிக்கு ஒரு தடவை. அதைப் பற்றிக் கேட்டேன், தான் பிறக்கும் முன்பே அந்தச் சத்தம் உண்டு என்றார்.

காலி அறை ஒன்றின் கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பலகையில் மென்மையான பகுதியெல்லாம் தானியம் ஓடி ஓடித் தேய்ந்து பள்ளமாகி, ரேகை மட்டும் மேடாக நிற்கிறது, அலை அலையாக. வழவழவென்று, கோயில் படிக்கட்டின் நடுவில் இருக்குமே அந்த வழவழப்பு. இந்தப் பலகைக்கு இப்போது நல்ல விலையாம், நகரத்தில் மேஜை செய்கிறார்கள். வாங்க ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொடுக்கவில்லையா என்றேன். தராசைக் காட்டினார். தரையில் பதித்த பழைய தராசு, பித்தளைக் கம்பி, நகர்த்துகிற குண்டு. டெர்மினலுக்குப் போகும் ஒவ்வொரு சின்ன லோடையும் முதலில் இதில் நிறுத்தி நோட்டில் எழுதிக்கொள்வாராம், பிறகு அங்கே கொடுக்கிற சீட்டை ஒட்டிவைப்பாராம். நோட்டைப் புரட்டிக் காட்டினார். இரண்டு வரிசை எண்கள், மூன்றாவது வரிசையில் வித்தியாசம், சிவப்பு மையில். இருபது கிலோ, முப்பத்தைந்து கிலோ, ஒரு இடத்தில் அறுபது.

எது சரி என்று கேட்டேன்.

“என்னுடையதுதான்.”

தராசைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

கொஞ்சம் யோசித்தார். “எங்கள் அப்பா இருந்தபோது.”